கடற்கரையில் ஒரு சடைநாய்

மன்னார்க் கடற்கரை ஊர்களான அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம் ஆண்டின் பெரும்பகுதி வெயில்தான். போதாக்குறைக்கு மணலும் உப்புக்காற்றும். அங்கே சடைநாய் வளர்ப்பவருக்கு, உரோமத்தை ஒட்ட வழித்துவிட்டால் அதற்குச் சுகமாக இருக்குமே என்று தோன்றும். பொமரேனியனுக்கு அதைச் செய்யவே கூடாது.

அதன் உரோமம் இரண்டு அடுக்கு. உள்ளே மெத்தென்ற குறுமயிர், மேலே நீண்ட முரட்டு மயிர். மேலடுக்கு வெயிலைத் தோலில் படவிடாது. மழித்தால் தோல் வெந்துபோகும். சில நாய்களுக்குப் பழைய உரோமம் திரும்ப முளைப்பதேயில்லை.

ஷிட்சூ வேறு மாதிரி. மயிர் நீண்டுகொண்டே போகும். உடலெங்கும் ஓர் அங்குலம் விட்டுக் கத்தரிக்கும் ‘பப்பி கட்’ இந்த வெக்கைக்கு மிகப் பொருத்தம். கண்ணை மறைக்கும் மயிரை உச்சியில் குடுமியாகக் கட்டலாம்.

சிக்கு, காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும்தான் முதலில் விழும். அடிமயிரை விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சீவ வேண்டும். இல்லாவிட்டால் தோல் இழுபட்டு, பாவம், நாய் துடித்துவிடும். சிக்கோடு குளிப்பாட்டினால் அது இறுகிக் கட்டியாகிவிடும். கடலில் இறங்கிய நாயை நல்ல தண்ணீரில் அலசி, விரலிடுக்கில் நெருஞ்சி முள்ளோ உண்ணியோ இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.