முதல் கூட்டத்துக்கு யார் கூட வருவது?

அமெரிக்காவில் 1981இல் மிகச் சிறிய ஆய்வு ஒன்று வெளியானது. பங்கேற்றவர்கள் 20 பேர்தான். எல்லோரும் குடிநோய்க்குச் சிகிச்சை பெற வந்தவர்கள். சிஸன், மல்லம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அவர்களை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். முதல் பாதியினரிடம், குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (சுருக்கமாக ஏ.ஏ.) குழு பற்றி எடுத்துச் சொல்லி, கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் கொடுத்து, போய்வரச் சொன்னார்கள். மறு பாதியினருக்கு ஒரு வேலை கூடுதல். ஆலோசனை நடக்கும்போதே ஏ.ஏ. உறுப்பினர் ஒருவருக்கு போன் போட்டு நோயாளியைப் பேசவைத்தார்கள். கூட்டத்துக்குக் கூட்டிப்போகும் பொறுப்பை அந்த உறுப்பினர் ஏற்றுக்கொண்டார். முதல் பாதியில் ஒருவர்கூடக் கூட்டத்துக்குப் போகவில்லை. மறு பாதியில் அத்தனை பேரும் ஒரு வாரத்துக்குள் போய்விட்டார்கள்.

20 பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் 2006இல் கிறிஸ்டின் டிம்கோ குழுவினர் 345 நோயாளிகளிடம் இதே வழியை விரிவாகச் சோதித்தபோதும், கைபிடித்து அனுப்பிவைக்கப்பட்டவர்களே குழுவோடு கூடுதலாக ஒட்டினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் நிலையே மேலாக இருந்தது.

முகவரி கையில் இருந்தும் ஏன் போவதில்லை? தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற கூச்சம் ஒரு பக்கம். மூளையின் கணக்கு இன்னொரு பக்கம். தள்ளிக் கிடைக்கும் பெரிய பலனைவிட உடனே கிடைக்கும் சிறிய பலனுக்கே குடிநோயாளியின் மூளை அதிக மதிப்புப் போடுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். கூட்டம் நாளை மாலை ஏழு மணிக்கு. டாஸ்மாக் இப்போதே திறந்திருக்கிறது. இதை வெறும் மன உறுதிக் குறைவு என்று திட்டுவதில் பயனில்லை. வாசலில் ஒருவர் வண்டியோடு வந்து நின்றால், நாளை என்பதே இன்றாகிவிடுகிறது.

ஏ.ஏ. பிறந்த கதையும் ஒரு போன் அழைப்புதான். 1935 மே மாதம், நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் பில் வில்சன் தொழில் விஷயமாக ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகருக்குப் போனார். போன காரியம் தோற்றது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஓட்டல் கூடத்தின் ஒரு பக்கத்தில் மதுக்கூடச் சத்தம். அவர் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து போன் போட்டார். அவர் தேடியது அறிவுரை சொல்பவரை அல்ல. தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியை. அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவைசிகிச்சை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்தவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார். இன்னொருவருக்கு உதவி, அதன் மூலம் தானும் குடிக்காமல் தப்புவதே பில்லின் நோக்கம். அந்த உள்ளுணர்வு சரிதான் என்று பிற்கால ஆய்வுகளும் காட்டின: சக நோயாளிக்கு உதவியவர்கள் மறுபடி குடியில் விழுவது குறைவு. ஆக, கூட்டிப்போக வருபவர் தியாகம் செய்வதாக நினைக்க வேண்டாம். அது அவருக்கும் மருந்து.

சரி, போனால் பலன் உண்டா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2006இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, உறுதியான சான்று இல்லை என்று கையை விரித்தது. 2020இல் ஜான் கெல்லி உள்ளிட்ட மூவர் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு, மறுபடி அலசினார்கள். ஏ.ஏ.வுக்கு முறைப்படி வழிநடத்தும் சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதத்தினர் ஓராண்டு கழித்தும் முழுமையாகக் குடிக்காமல் இருந்தார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்றவற்றில் இது 35 சதவீதம். வித்தியாசம் பிரமாதம் அல்ல. ஆனால் ஏ.ஏ. கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. எத்தனை வருடம் வேண்டுமானாலும் போகலாம். கெல்லியின் மற்ற ஆய்வுகள் இதன் உள்வேலையையும் ஓரளவு காட்டுகின்றன. கூட்டத்துக்குப் போகிறவருக்குக் குடிக்கிற சிநேகிதர்கள் குறைந்து, குடிக்காத சிநேகிதர்கள் கூடுகிறார்கள். நோய் முற்றியவர்களுக்கு ஏ.ஏ.வின் ஆன்மிகப் பக்கமும் கைகொடுக்கிறது. கடவுள் பேச்சு ஒத்துவராதவர்களுக்கு ஸ்மார்ட் ரிகவரி போன்ற வேறு குழுக்கள் இருக்கின்றன.

ஓர் எச்சரிக்கையைக் கறாராகச் சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் கூட்டத்தில் கேட்ட உற்சாகத்தில் ஒரேயடியாக நிறுத்தினால் ஆபத்து. மதுவின் அமுக்கத்தைச் சமாளிக்க மூளை தன் தூண்டல் விசையைக் கூட்டிவைத்திருக்கும். மது திடீரென்று விலகினால் அந்த விசை கட்டுமீறும். கை நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணில் தெரியும் பிதற்றல் நிலை, சிலருக்கு மரணம். முதலில் மருத்துவர், கூடவே கூட்டம். அதுதான் வரிசை.

இந்தியாவில் 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெறுகிறார். மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446. ஏ.ஏ. கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. போன் போடும்போது இடம், நேரத்தோடு நிறுத்தாமல், முதல் நாள் கூட வர ஆள் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். நோயாளிக்கு முகவரி எழுதிக்கொடுக்கும் மருத்துவர்கள் இன்னொரு மூன்று நிமிடம் ஒதுக்கி, அங்கிருந்தே அந்த போனைப் போடலாம். செலவில்லாத சிகிச்சை இது.

உங்கள் வீட்டில் குடிப்பவர் கூட்டத்துக்கு வரவே மாட்டேன் என்கிறாரா? 1951இல் பில்லின் மனைவி லோயிஸ் முன்னின்று தொடங்கிய அல்-அனான், குடும்பத்தினருக்கென்றே இருக்கிறது. அதற்குப் போக, குடிப்பவரின் சம்மதம் தேவையில்லை.