மூக்கில் பீச்சும் மருந்துகள்

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் ஊரில் பாதிப் பேருக்கு மூக்கு அடைத்துக்கொள்கிறது. எஞ்சியோருக்கு மார்கழிப் பனியிலோ மாசித் தூசியிலோ அதே தொல்லை வந்து சேர்கிறது. முன்னாளில் நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து வேது பிடித்தார்கள். மூக்கின் வழியே மருந்து செலுத்தும் முறையும் நமக்குப் புதியதன்று. சித்த மருத்துவம் வகுத்துக் கூறும் 32 புறமருந்துகளுள் நசியம் என்பது ஒன்று. இன்று அவ்விடத்தில் கைக்கு அடக்கமான சிறு குப்பி வந்துவிட்டது. அழுத்தினால் பனித்துளிபோல் மருந்து பீறிட்டு மூக்கினுள் படிகிறது. ‘ஸ்பிரே’ என்றே எல்லோரும் அதனைச் சொல்கிறோம்.

இக்குப்பிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பினும் உள்ளே இருக்கும் மருந்துகள் ஒரே இனத்தவை அல்ல. ஒரு வகை, சில நிமிடங்களில் அடைப்பைத் திறந்துவிடும். மற்றொரு வகை, பல நாள் பொறுத்தே பயன் தரும். முதல் வகையை மக்கள் அச்சமின்றி மாதக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். இரண்டாம் வகையை மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும், “அதில் ஸ்டீராய்டு இருக்கிறதாமே!” என்று அஞ்சி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அச்சம் கொள்ளவேண்டிய இடத்தில் துணிவும், துணிவு கொள்ளத்தக்க இடத்தில் அச்சமும் இருக்கின்றன. இஃது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ள, மூக்கின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

மூக்கு என்பது காற்றுப் போய்வரும் இரண்டு வெறுந்துளைகள் அன்று. வளர்ந்த மனிதர் ஒருவர் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்றை உள்வாங்குகிறார். அக்காற்றை வெதுவெதுப்பாக்கி, ஈரமூட்டி, தூசு நீக்கி நுரையீரலுக்கு அனுப்பும் பணி மூக்கினுடையது. இதற்காக ஒவ்வொரு பக்கத்துச் சுவரிலும் சிப்பிபோல் சுருண்ட மூன்று எலும்புகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அவற்றைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சளிப்படலத்தின் அடியில் எண்ணற்ற குருதிக் குழல்கள் உள்ளன. அவை குருதி நிறைந்து விம்மினால் வழி குறுகும்; குருதி வடிந்து சுருங்கினால் வழி அகலும். படலத்தின் மேற்பரப்பில் உள்ள நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து, தூசு படிந்த சளியைத் தொண்டைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன.

இங்கே ஒரு சுவையான செய்தி. நலமாக இருக்கும்போதும் நம்மில் பலருக்கு இரண்டு துளைகளும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. சில மணி நேரம் வலப்பக்கம் விம்ம, இடப்பக்கம் சுருங்கும், பின்னர் மாறும். ஜெர்மானிய மருத்துவர் கைசர் 1895-இல் இதனை விளக்கி எழுதினார். இடைகலை, பிங்கலை என்று மூச்சின் போக்கைப் பிரித்தறிந்த நம் யோகியர்க்கு இது வியப்பாக இருந்திராது. ஆகவே, ஒரு பக்கம் மட்டும் சற்று அடைத்தாற்போல் இருந்து தானே மாறுமாயின், அது நோயன்று. அதற்காகக் குப்பியைத் தேட வேண்டுவதில்லை.

மூக்கடைப்பு என்றவுடன் சளி தேங்கிவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அடைப்பது சளியன்று. குருதி நிறைந்து வீங்கிய அந்தப் படலமே. அதனால்தான் எவ்வளவு சீந்தினாலும் சிலருக்கு அடைப்பு நீங்குவதில்லை. உடனடியாக மூக்கைத் திறக்கும் மருந்துகள் இந்தக் குருதிக் குழல்களை இறுகச் செய்கின்றன. இவ்வினத்தின் முன்னோடி எபெட்ரின். சீன மூலிகை ஒன்றிலிருந்து ஜப்பானிய அறிஞர் நாகாய் 1885-இல் அதனைப் பிரித்தெடுத்தார். இன்று நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஸைலோமெட்டாஸோலின், ஆக்ஸிமெட்டாஸோலின் என்னும் இரண்டு. வணிகப் பெயர் எதுவாயினும், பெட்டியின் மேல் சிறிய எழுத்தில் இவற்றுள் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படித்துப் பார்ப்பது நல்லது. இம்மருந்தைப் பீச்சியதும் குழல்கள் சுருங்குகின்றன, படலம் வற்றுகிறது, வழி திறக்கிறது. சளிக்காய்ச்சலால் உறக்கமின்றித் தவிப்பவருக்கு இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. இரண்டு மூன்று நாள் பயன்படுத்தி நிறுத்திவிடுவோர்க்குப் பெரும்பாலும் தீங்கு எதுவும் இல்லை.

தீங்கு தொடங்குவது அதற்குப் பின்னரே. நாள்தோறும் இம்மருந்தைப் பெற்றுப் பழகிய குருதிக் குழல்கள் மருந்தின் கட்டளைக்கு முன்போல் செவிசாய்ப்பதில்லை. பத்து மணி நேரம் நின்ற பயன் ஆறு மணியாகிறது. பின் மூன்று மணியாகிறது. மருந்தின் ஆற்றல் தணிந்ததும் குழல்கள் முன்னிலும் மிகுதியாக விம்முகின்றன. அடைப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்புகிறது. உடனே மீண்டும் பீச்சுகிறோம். கந்துவட்டிக்குக் கடன் வாங்கியவன், வட்டி கட்டுவதற்கே மேலும் கடன் வாங்குவது போன்றதே இது. 1930-களிலும் 1940-களிலுமே மேலைநாட்டு மருத்துவர்கள் இதனைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். மருந்தே உண்டாக்கும் மூக்கு நோய் என்று பொருள்படும் பெயரையும் இதற்கு இட்டார்கள்.

என்னுடன் பணியாற்றிய கணக்காசிரியர் ஒருவர் சட்டைப் பையில் சுண்ணக்கட்டி இல்லாமல் வகுப்புக்குச் சென்றாலும் செல்வார். அந்தக் குப்பி இல்லாமல் செல்லமாட்டார். ஒரு பாட வேளையில் இருமுறை கரும்பலகைப் பக்கம் திரும்பி மூக்கில் பீச்சிக்கொள்வார். இரவில் தலையணைக்கு அடியில் ஒரு குப்பி இருக்கும். தம் நோய் முற்றிக்கொண்டே போகிறது என்பது அவர் எண்ணம். அவருக்குத் தொடக்கத்தில் வந்ததோ வெறும் நீர்க்கோவை. அது வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது! காது மூக்கு தொண்டை மருத்துவர் அவரிடம் முதலில் ஒரு துளைக்கு மட்டும் மருந்தை அறவே நிறுத்தச் சொன்னார். மற்றொரு துளையால் மூச்சு விடலாம் அன்றோ? அது திறந்தபின் அடுத்த துளைக்கும் நிறுத்தினார். இடையில் ஏற்பட்ட வீக்கத்தைத் தணிக்க வேறொரு பீச்சு மருந்தையும் கொடுத்தார். முதல் வாரம் நண்பர் பட்ட பாடு சொல்லி முடியாது. மூன்றாம் வாரம் குப்பி இல்லாமல் உறங்கினார். அந்த வேறொரு மருந்துதான், பலரும் அஞ்சுகின்ற ஸ்டீராய்டு.

அதற்குச் செல்லுமுன், முதல் வகை மருந்தைப் பற்றி மேலும் சில சொற்கள். இது மூக்கோடு நின்றுவிடுவதன்று. சிறிதளவு குருதியிலும் கலக்கும். ஆதலின் இரத்தக் கொதிப்பு, இதயநோய், தைராய்டு மிகை, கண்ணழுத்த நோய், முதியோர்க்கு வரும் புராஸ்டேட் வீக்கம் ஆகியவை உடையோர் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடுதல் கூடாது. குழந்தைகள் திறத்தில் இன்னும் விழிப்பு வேண்டும். பெரியவர்களுக்குரிய குப்பியைக் குழந்தையின் மூக்கில் வைப்பது பெரும் பிழை. அக்குப்பி குழந்தையின் கைக்கு எட்டுவதும் அவ்வாறே. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012-இல் விடுத்த எச்சரிக்கையின்படி, இவ்வின மருந்தில் 1 அல்லது 2 மில்லிலிட்டர் அளவைச் சிறு குழந்தை விழுங்கினாலே நாடித்துடிப்புக் குறைந்து நினைவிழக்கும் நிலை வரக்கூடும். ஒரு தேக்கரண்டியின் பாதிகூட இல்லாத அளவு அது.

“பீச்சு மருந்தே வேண்டா, மாத்திரை விழுங்கிவிடுகிறேன்” என்பாரும் உளர். சளி மாத்திரைகள் பலவற்றில் பினைலெப்ரின் என்னும் மருந்து சேர்க்கப்பட்டிருக்கிறது. விழுங்கினால் அது மூக்கடைப்புக்குப் பயன்படுவதில்லை என்று 2023-இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று ஒருமனதாகக் கூறியது. எத்தனை ஆண்டுகள், எத்தனை கோடி மாத்திரைகள்!

இனி ஸ்டீராய்டுக்கு வருவோம். இச்சொல்லுக்கு நம்மிடையே உள்ள கெட்ட பெயர் காரணமின்றி வந்ததன்று. நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்டு முகம் உப்பி, எலும்பு நலிந்து, சர்க்கரை ஏறியவர்களைப் பலரும் கண்டிருக்கிறோம். ஆனால் அளவும் வழியும் வேறானால் விளைவும் வேறாகும். ஃபுளூட்டிகசோன் என்னும் மருந்தை ஒருமுறை பீச்சினால் வருவது 50 மைக்ரோகிராம். ஒவ்வொரு துளையிலும் இருமுறை பீச்சினால் நாள் ஒன்றுக்கு 200 மைக்ரோகிராம். பிரெட்னிசோலோன் மாத்திரை சிறியது ஒன்றிலேயே 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம் இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் முன்னதற்கு ஆற்றல் மிகுதி என்பது மெய்யே. ஆயினும் மூக்கில் படிந்ததில் பெரும்பகுதி தொண்டை வழியே வயிற்றுக்குச் சென்று, அங்கிருந்து கல்லீரலை அடைந்து அழிந்துபோகிறது. ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன் ஆகியவற்றில் குருதியில் சேர்வது நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. பழைய மருந்தாகிய பெக்ளோமெத்தசோன் அவ்வளவு முழுமையாக அழிவதில்லை. மருத்துவர்கள் பலர் புதியவற்றை விரும்புவதற்கு இஃது ஒரு காரணம்.

இதற்குப் பக்கவிளைவே இல்லை என்று நான் கூறவில்லை. மூக்கு உலர்தல், எரிச்சல், சில வேளைகளில் குருதிக் கசிவு ஆகியவை வரும். மிக அரிதாக நடுத்தண்டில் புண்ணும் துளையும் ஏற்பட்டதுண்டு. குழந்தைகளின் வளர்ச்சி சிறிது தாழக்கூடும் என்பதால், இவ்வின மருந்துகள் அனைத்திலும் அவ்வெச்சரிக்கையை அச்சிடுமாறு அமெரிக்க நிர்வாகம் 1998-இல் பணித்தது. ஆகவே பிள்ளைகளுக்கு நோய் அடங்கும் மிகக் குறைந்த அளவே கொடுப்பார்கள். பெற்றோர் செய்யக்கூடியது, சுவரில் கோடிட்டு மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை உயரம் அளந்து வருவது. கண்புரை, கண்ணழுத்தம் உள்ளவர்கள் அதனை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். எச்.ஐ.வி. நோய்க்கு ரிட்டோனவிர் உண்பவர்களுக்கு ஃபுளூட்டிகசோன் ஆகாது. கல்லீரல் அதனை அழிக்க இயலாமல் உடலில் சேர்ந்துவிடும்.

இம்மருந்தைப் பற்றிய மற்றொரு குறை, “இரண்டு நாள் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை” என்பது. தெரியாதுதான். ஒவ்வாமையால் எழுந்த அழற்சியை இது மெல்ல மெல்லத் தணிக்கிறது. முழுப் பயன் காண ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அடைத்தபோது போட்டுக்கொண்டு, திறந்தபோது விட்டுவிடுவதற்கு உரியதன்று; நாள்தோறும் போட்டு வரவேண்டியது. இவ்விரண்டு வகைகளையும் மாற்றிக்கொள்வதால்தான் தொல்லை. நாள்தோறும் போடவேண்டியதை இரண்டு நாளில் விடுகிறோம். மூன்று நாளில் விடவேண்டியதை நாள்தோறும் போடுகிறோம். ஒவ்வாமைக்கு அசிலாஸ்டின் என்னும் மூன்றாவது வகையும் உண்டு. அது விரைவில் வேலை செய்யும், வாயில் கசக்கும், சிலருக்கு உறக்கம் வரும்.

பீச்சும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கண்ணில் சொட்டு விடுவதுபோல் தலையைப் பின்னால் சாய்க்கிறார்கள். மருந்து தொண்டைக்கு ஓடுகிறது. பிறகு மூக்குப்பொடி உறிஞ்சுவதுபோல் ஒரே இழுப்பாக இழுக்கிறார்கள். எஞ்சியதும் தொண்டைக்கே போகிறது. முதலில் மூக்கைச் சீந்திச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். தலையைச் சிறிது முன்னால் குனிந்து, வலக்கையால் இடத் துளையிலும் இடக்கையால் வலத் துளையிலும் பீச்ச வேண்டும். அவ்வாறு செய்யும்போது குப்பியின் முனை இயல்பாகவே காதுப் பக்கம் நோக்கும். நடுத்தண்டை நோக்கிப் பீச்சுதல் கூடாது; மூக்கில் குருதி கசிவது பெரும்பாலும் நடுத்தண்டின் முன்பகுதியிலேதான். மெல்ல மூச்சை இழுத்தால் போதும். ஒருவர் குப்பியை மற்றவர் பயன்படுத்தலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எந்த மருந்துக்கும் முன்னர் மருத்துவரிடம் காட்ட வேண்டிய அடைப்புகளும் உண்டு. பெரியவர்களுக்கு ஒரே பக்கம் அடைத்துக் குருதி கலந்து ஒழுகினால் காலம் தாழ்த்தலாகாது. சிறு பிள்ளைக்கு ஒரே பக்கத்திலிருந்து நாற்றத்துடன் சளி வந்தால், உள்ளே மணியோ புளியங்கொட்டையோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அனைவரும் இதனை அறிவர்.

மருந்தே இல்லாத ஒரு வழியும் இருக்கிறது: உப்புநீர். ஒவ்வாமையுடையோர்க்கு இது நல்ல துணை. நாள்தோறும் செய்தாலும் மூக்கு அதற்கு அடிமைப்படுவதில்லை. யோகப் பயிற்சியில் ஜலநேத்தி என்று கெண்டியால் மூக்கில் நீர் ஊற்றுவதும் இதுவே. ஆனால் குழாய் நீரை அப்படியே எடுத்தல் ஆகாது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011-இல் இருவர் அவ்வாறு செய்து, நீரில் இருந்த நுண்ணிய அமீபா மூளையை அடைந்ததால் இறந்தனர். அதே நீரைக் குடித்திருந்தால் அந்த அமீபாவால் ஒன்றும் நேர்ந்திராது. மூக்கு வழியே சென்றதுதான் வினையாயிற்று. நீர் தளதளவென்று ஒரு நிமிடமேனும் கொதிக்கவேண்டும், வெதுவெதுப்பாக ஆறவேண்டும். அரை லிட்டர் நீருக்கு நாலரை கிராம் உப்பு, அதாவது தேக்கரண்டியில் தலைதட்டி ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக. கெண்டியையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் கவிழ்த்து உலர வைக்க வேண்டும்.