புத்தர் வரும் வரை காத்திருங்கள்

ஜப்பானியர் ஒருவர் வரைந்த எட்டுத் தொகுதி சித்திர நாவல் கபிலவஸ்துவின் கதையைச் சொல்கிறது. காசைக் கொடுக்கும் முன் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது?

தில்லியில் பழைய புத்தகப் பிரியர்களுக்கு ஞாயிறு என்றால் தரியாகஞ்ச். 2019இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் சந்தை பக்கத்திலுள்ள மகிளா ஹாட்டுக்கு மாறிவிட்டது. பழைய பெயர் மட்டும் போகவில்லை. நடைபாதைக் காலத்தில் ஒரு சௌகரியம் உண்டு. குத்துக்காலிட்டு உட்கார்ந்து எவ்வளவு நேரம் புரட்டினாலும் கடைக்காரர் முறைக்க மாட்டார். அப்படி உட்கார்ந்த ஒரு காலையில்தான் 'தேவதத்தா' கையில் அகப்பட்டது. தடித்த காமிக்ஸ் புத்தகம், மூன்றாம் தொகுதி. முன்னதும் இல்லை, பின்னதும் இல்லை. யார் யார் என்று புரியாமலே ஐம்பது பக்கம் ஓடிவிட்டது. கால் மரத்துப்போனது தெரியவில்லை. வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

ஒசாமு தெசூகா (1928-1989) மருத்துவம் படித்துவிட்டுப் படம் வரையப் போனவர். 1952இல் 'ஆஸ்ட்ரோ பாய்' என்ற இயந்திரச் சிறுவனைப் படைத்து ஜப்பானையே கட்டிப்போட்டார். 'புத்தா'வை 1972 முதல் 1983 வரை பத்திரிகைத் தொடராக வரைந்தார். ஆங்கிலத்தில் 2003 முதல் 2005 வரை எட்டுத் தொகுதிகளாக வந்து, 2004, 2005 இரண்டு ஆண்டும் அமெரிக்காவின் ஐஸ்னர் விருதைப் பெற்றது. இந்தியக் கடைகளில் அதிகம் தென்பட்டது ஹார்ப்பர்காலின்ஸ் பேப்பர்பேக். மொத்தம் ஏறக்குறைய மூவாயிரம் பக்கம். 32 பக்க அமர் சித்ர கதாவில் மகான்களைச் சந்தித்து வளர்ந்த நமக்கு இது வேறு கணக்கு.

வேறு செலவும்கூட. எட்டையும் வாங்குவது சம்பளக்காரர்களுக்கு யோசிக்க வேண்டிய விஷயம். சரி, கொஞ்சம் படித்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால், தெற்கு தில்லியின் பெரிய கடை ஒன்றில் தொகுதிகள் பிளாஸ்டிக் உறையில் சிறைப்பட்டிருந்தன. பிரிக்கலாமா என்று கேட்டேன். வாங்கினால் பிரிக்கலாம் என்று பதில் வந்தது. கத்தரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்த்து வாங்கும் ஊரில், கண்ணால் படிக்கவேண்டிய புத்தகத்தைக் கண்ணில் காட்ட மாட்டார்களாம். இணையத்தில் மாதிரிப் பக்கம் கிடைக்கும்தான். ஆனால் அது பெரும்பாலும் முதல் சில பக்கங்களே. இந்தத் தொடரில் ஆபத்தே அங்குதான் இருக்கிறது.

ஏனென்றால் முதல் தொகுதியில் புத்தரைத் தேடினால் கிடைக்க மாட்டார். தொடக்கத்தில் பனியில் சுருண்டு விழுந்த ஒரு முதியவர்; அவர் பசிக்குத் தன்னையே நெருப்பில் போட்டுக்கொள்ளும் முயல். வசனமே அதிகம் இல்லாத ஜாதகக் கதை. பிறகு கதை இரண்டு சிறுவர்களிடம் போய்விடுகிறது. சாப்ரா ஓர் அடிமை. கோசலப் படைத்தலைவரின் உயிரைக் காப்பாற்றி, பிறப்பை மறைத்து, அவருக்கே வளர்ப்பு மகனாகிறான். தத்தா ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவன். மிருகங்களின் மனதுக்குள் புகத் தெரிந்தவன். இருவரும் பௌத்த நூல்களில் இல்லாதவர்கள், தெசூகாவின் கற்பனை. சித்தார்த்தன் இந்தத் தொகுதியில் கைக்குழந்தை மட்டுமே. புத்தர் வரலாறு வேண்டும் என்று வந்தவர் இங்கேயே மூடி வைத்துவிடுவார். பிறப்பால் ஒருவனை அளக்கும் உலகத்தை முதலில் காட்டிவிட்டு, அதற்குப் பதில் சொல்ல வருபவரைப் பிறகு காட்டுகிறார் தெசூகா. எனக்கு அது சரியாகவே படுகிறது.

தமிழ் வாசகருக்கு ஓர் இடம் உறுத்தும். ஆங்கிலப் பதிப்பு தத்தாவை 'பரையா' என்கிறது. நம் ஊர்ச் சாதிப் பெயர் ஒன்று ஐரோப்பிய மொழிகளுக்குள் போய், ஒதுக்கப்பட்டவன் என்ற பொதுச் சொல்லாகி, அங்கிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய கங்கைக் கரைக்குத் திரும்பியிருக்கிறது! பாலி நூல்களில் வரும் சொல் சண்டாளர். இந்தப் புத்தகத்தை யாராவது என்னிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தால் முதலில் பேனா நிற்கப்போவது அந்தச் சொல்லில்தான்.

இன்னொன்று வேடிக்கை. கோசல இளவரசன் விருதகன் ஆங்கிலத்தில் 'பிரின்ஸ் கிரிஸ்டல்' ஆகிவிட்டான். ஜப்பானியத்தில் அவன் பெயர் 'ரூரி' என்று சுருங்கும். வைடூரியத்துக்கும் அங்கே அதே சொல். பெயர் கல்லாகி, கல் பளிங்காகிவிட்டது. போதாதற்கு, வலமிருந்து இடம் போகும் ஜப்பானியப் பக்கங்களை ஆங்கிலத்துக்காகக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பியிருக்கிறார்கள். இடக்கை வீரர்கள் ஏன் இத்தனை பேர் என்று குழம்ப வேண்டாம்.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை: நூலகத்திலோ நண்பரிடமோ முதல் தொகுதியை இரவல் வாங்கி முழுதாகப் படியுங்கள். பத்துப் பக்கம் போதாது. தத்தாவைப் பிடித்துவிட்டால் மற்ற ஏழும் தானாக வீட்டுக்கு வரும். பிடிக்கவில்லையா, பணம் மிச்சம். நடுவில் பழைய சந்தையில் ஒற்றைத் தொகுதி கிடைத்தால் தைரியமாக எடுக்கலாம். நான் மூன்றில் தொடங்கியவள்.

குழந்தைகளுக்கு வாங்கலாமா? படங்கள் கார்ட்டூன் போலிருப்பதால் வரும் கேள்வி இது. நாக்பூரிலிருக்கும் என் தங்கையும் கேட்டாள். பையனுக்குப் பத்து வயது, பிறந்தநாள் வருகிறது, புத்தர் கதைதானே என்றாள். ஆனால் உள்ளே அரையாடை மனிதர்கள், போர், சித்திரவதை, பட்டினியால் சாவு. நடுநடுவே அசட்டுச் சிரிப்பு வேறு. மகத மன்னன் பிம்பிசாரனை மகனே சிறையில் போட்டுப் பட்டினி போடும் பகுதியை நானே இரவில் படித்திருக்க வேண்டாம். பையனுக்கு வேறு புத்தகம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, முதல் தொகுதியை அவள் பெயருக்கே அனுப்பினேன். நீ படித்துப் பார், அப்புறம் முடிவு செய் என்று ஒரு சீட்டும் வைத்தேன்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. பையனைப் பற்றிப் பேச்சே இல்லை. "அக்கா, அந்தத் தத்தா பயல் அப்புறம் என்ன ஆனான்? ரெண்டாவதை அனுப்பு."