டிஸ்க்கைக் காத்த நாடா

கால் அங்குல கார்ட்ரிட்ஜ் நாடா, க்யூஐசி-150 வகை
கொள்ளளவு: 150 மெகாபைட்

1989-இல் வந்த சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 1 கணினியில் 104 மெகாபைட் ஹார்டு டிஸ்க் பொருத்தப்பட்டது. டிஸ்க் பழுதானால் அதிலிருந்த வேலையெல்லாம் போய்விடும். அதன் முழு நகலையும் இந்த ஒரே நாடாவில் அடக்கிவிடலாம்.

நகலெடுக்க யூனிக்ஸில் ‘டம்ப்’ என்ற கட்டளை உண்டு. அதற்கு 0 முதல் 9 வரை நிலைகள். 0 என்றால் எல்லாக் கோப்புகளும் பதிவாகும். 5 என்றால், அதைவிடக் குறைந்த நிலையில் கடைசியாக எடுத்த நகலுக்குப் பின் மாறியவை மட்டும். ஞாயிறன்று 0, மற்ற நாள்களில் 5 என்று வைத்துக்கொண்டால், டிஸ்க்கை மீட்க இரண்டு நகல்கள் போதும்: ஞாயிற்றுக்கிழமை எடுத்ததும், கடைசியாக எடுத்ததும்.

ஒரே நாடாவில் டிஸ்க்கின் ரூட், யூஎஸ்ஆர், ஹோம் ஆகிய பகுதிகளை அடுத்தடுத்துப் பதிய, டேப் டிரைவின் பெயருக்கு முன் ‘என்’ என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். அது விட்டுப்போனால், ஒவ்வொரு பதிவும் முடிந்ததும் நாடா தொடக்கத்துக்கே சுற்றிக்கொள்ளும். அடுத்த பகுதி முந்தையதன் மேலேயே பதிந்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. நாடாவைப் படித்துச் சரிபார்க்காதவர்களுக்கு, மீட்கும் நாளில்தான் விஷயம் தெரியவரும்.

கவனியுங்கள்: கார்ட்ரிட்ஜின் மூலையில் அம்புக்குறியுடன் ஒரு சிறு திருகு. அதை ‘சேஃப்’ பக்கம் திருப்பிவிட்டால் நாடாவைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது.