குளிர்ந்தால் சுருங்கும்

‘முதல் எது?’ – தொடர் 9

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டுவதை நேரில் பார்த்தவர்கள், வள்ளியூர்ப் பக்கத்தில் இன்று நடுவயதைத் தாண்டியிருப்பார்கள். குடம், ஆர்க்கால், வட்டை எல்லாம் ஆசாரி கையால் மரத்தில் சேர்ந்து, சக்கரம் தரையில் படுத்துக் கிடக்கும். பட்டையின் உள்சுற்றளவு சக்கரத்தின் வெளிச்சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அளவெடுத்த கொல்லர் தெரிந்தே வைத்த குறைவு அது. பட்டையைச் சுற்றி எருவட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். சிவக்கக் காய்ந்ததும் நாலு பேர் கொறட்டால் தூக்கிவந்து சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் புகையும், உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தைக் கவ்விப் பிடிக்கும். ஆணிகூட வேண்டாம்.

காய்ந்தால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த ஒரு வரிதான், வள்ளியூருக்குத் தெற்கே மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இந்தியாவின் கடுங்குளிர் ராக்கெட் எஞ்சின் முயற்சியை நாலு வருஷம் தாமதப்படுத்தியது. முன்னே நகர்த்தியதும் அதே வரிதான்.

வள்ளியூரிலிருந்து நாகர்கோவில் சாலையில் போனால் பணகுடி, அதைத் தாண்டினால் காவல்கிணறு. மேற்கே கூடவே வரும் மலைத்தொடரில் உயர்ந்து நிற்பது மகேந்திரகிரி. அதன் மடியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட்டின் திரவ எரிபொருள் எஞ்சின்களைத் தாங்கியில் இறுக்கிக் கட்டி, பறக்கவிடாமல் எரித்துப் பார்க்கும் இடம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்புவதை நாடே தொலைக்காட்சியில் பார்க்கிறது. அந்த எஞ்சின்களில் பலவும் முதலில் முழங்கியது இந்த மலையடியில்தான்.

சென்ற வாரம் அளவைகளைப் பற்றிப் பேசினோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், கடவுளைப் பற்றியும் உயிரைப் பற்றியும் பேசுவதற்கு முன்பு அளவை இயலைத்தான் வைக்கிறது. ஒன்று உண்மை என்று எப்படித் தெரியும்? காண்டல், கருதல், உரை என்று மூன்று வழி. கண்ணால் பார்ப்பது காண்டல். பார்த்ததிலிருந்து பார்க்காததை ஊகிப்பது கருதல். நம்பத் தகுந்தவர் சொல்ல ஏற்பது உரை. சமயத் தத்துவத்துக்காக வகுத்த இந்தப் பகுப்பை மகேந்திரகிரிக்கு எடுத்துச் செல்வது வலிந்த செயலாகத் தோன்றலாம். ஆனால் அங்கே நடந்ததை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சொற்கள் தமிழில் இல்லை.

1991-ல், கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சின்களையும் அவற்றின் தொழில்நுட்பத்தையும் பெற, சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மோஸுடன் இந்தியா ஒப்பந்தம் செய்தது. 1992 மே மாதம் அமெரிக்கா இரு தரப்பின் மீதும் தடை விதித்தது. 1993-ல் ரஷ்யா பின்வாங்கியது. எஞ்சினை விற்போம், செய்யும் வித்தையைச் சொல்லித்தர மாட்டோம் என்பதுதான் மிஞ்சிய ஏற்பாடு. அதற்கு முன் விகாஸ் என்ற திரவ எரிபொருள் எஞ்சின் வந்த வழி வேறு. 1974-ல் பிரான்சுடன் செய்த உடன்பாட்டின்படி, இந்தியப் பொறியாளர்கள் அந்நாட்டுக்கே போய் அவர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அது உரை வழி வந்த அறிவு. இந்த முறை உரை கிடையாது என்று ஆகிவிட்டது. கையில் எஞ்சியவை கருதலும் காண்டலும். சொந்தக் கிரையோஜெனிக் கட்டத்துக்கான, அதாவது ராக்கெட்டின் மேல் அடுக்குக்கான, திட்டம் 1994-ல் தொடங்கியது.

அப்படி என்ன அவசியம், இருக்கிற எரிபொருளே போதாதா? இந்தக் கேள்விக்கு அடியிலிருந்து பதில் சொல்லிப் பார்க்கலாம். ராக்கெட்டுக்கு உதைத்து எழும்பத் தரை இல்லை. தன்னிடம் உள்ளதைப் பின்னால் வீசித்தான் முன்னால் போகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இது. எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதை ரஷ்யப் பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903-ல் ஒரு சமன்பாட்டில் அடக்கினார். அதில் இரண்டே பிடிமானங்கள்தான் உண்டு. ஒன்று, பின்னால் வீசுவதை எவ்வளவு வேகமாக வீசுகிறோம் என்பது. மற்றது, மொத்த எடையில் எவ்வளவை வீசுகிறோம் என்பது. இரண்டாவது சீக்கிரம் கசந்துவிடும், ஏனென்றால் கூடுதல் எரிபொருளைத் தூக்கவும் எரிபொருள் வேண்டும். ஆகவே முதலாவதைப் பிடிக்க வேண்டும்.

வேகமாக வெளியேறுவது எது? ஒரே வெப்பத்தில், கனத்த மூலக்கூறைவிட லேசான மூலக்கூறு வேகமாக ஓடும். உலகில் மிக லேசானது ஹைட்ரஜன். அதை ஆக்சிஜனோடு எரித்தால் வெளியேறும் வாயுவின் வேகம் வினாடிக்குச் சுமார் 4.4 கிலோமீட்டர். விகாஸ் எஞ்சினில் அது 2.9-ஐ ஒட்டி நிற்கிறது. வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம், கணக்குப் போட்டால் தெரியாது. ராக்கெட்டின் வேகத்தை வினாடிக்கு 4.5 கிலோமீட்டர் கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகையில் 100 கிலோவில் 36 கிலோ மிஞ்சும். இரண்டாம் வகையில் 21 கிலோதான். செயற்கைக்கோள், தொட்டி, எஞ்சின் எல்லாம் அந்த மிச்சத்துக்குள் அடங்க வேண்டும்.

ஹைட்ரஜன் வாயுவாக இருந்தால் ஊரளவு தொட்டி வேண்டும். திரவமாக்க வேண்டுமென்றால் மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர வேண்டும். ஆக்சிஜனுக்கு மைனஸ் 183. திரவமான பிறகும் ஹைட்ரஜன் தண்ணீரின் எடையில் பதினான்கில் ஒரு பங்குதான், ஆகவே தொட்டி அப்போதும் பெரிது. ஒவ்வொரு ‘ஏன்’ என்ற கேள்வியும் அடுத்த ‘ஆகவே’யில் கொண்டுபோய் விட்டது. மூன்றாம் விதியில் புறப்பட்டவர்கள் கடைசியில் வந்து நின்றது, அந்தத் திரவத்தை எஞ்சினுக்குத் தள்ளக் கடுங்குளிரில் இயங்க வேண்டிய பம்பின் முன்னால். கருதல் இதுவரை வழிகாட்டும். இதற்கு மேல் காட்டாது.

2007 நவம்பர் 15 அன்று மகேந்திரகிரியில் அந்தக் கிரையோஜெனிக் கட்டம் 720 வினாடிகள் எரிந்தது. பறக்கும்போது எவ்வளவு நேரம் எரிய வேண்டுமோ அவ்வளவு நேரம். பதின்மூன்று ஆண்டு உழைப்பு பலித்த நாள். 2010 ஏப்ரல் 15 அன்று ஜி.எஸ்.எல்.வி.-டி3 ராக்கெட் அதைச் சுமந்து கிளம்பியது. முதல் இரண்டு கட்டங்கள் சரியாக வேலை செய்தன. கிரையோஜெனிக் எஞ்சினும் பற்றிக்கொண்டது. ஹைட்ரஜனை முதலில் உந்தித்தரும் சிறு டர்போ பம்பு நிமிடத்துக்கு 34,800 சுற்று என்ற வேகத்தைத் தொட்டது. அடுத்த சில நொடிகளில் வேகம் இறங்கி நின்றுவிட்டது. ராக்கெட் கடலில் விழுந்தது.

ஆய்வுக் குழு இரண்டு சாத்தியங்களைச் சொன்னது. சுழலும் பாகம் சீல் இருந்த இடத்தில் உறையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அல்லது அழுத்தமும் வெப்ப மாறுதலும் தாங்காமல் டர்பைன் உறை பிளந்திருக்கலாம். பிறகு செய்த திருத்தங்களை இஸ்ரோ வெளியிட்டது. அவற்றில் ஒன்று, கடுங்குளிரில் தாங்குருளைகளும் உறையும் விரிந்து சுருங்குவதைக் கணக்கில் கொண்டு பம்பின் வடிவமைப்பை மாற்றியது. கொல்லர் பட்டறையின் பாடம் அது. சக்கரத்தில் வேண்டியிருந்த கவ்வல் இங்கே கூடாது, அவ்வளவுதான்.

‘இதுகூடவா தெரியாது?’ என்று கேட்பவர்கள் விஷயத்தைத் தவறாகப் பிடிக்கிறார்கள். உலோகம் சுருங்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எந்த உலோகம் எவ்வளவு சுருங்கும், பக்கத்தில் இருப்பது எவ்வளவு, இரண்டுக்கும் நடுவே விட்ட இடைவெளி அந்த நொடியில் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி. ‘குளிர்ந்தால் சுருங்கும்’ என்ற முதல் உண்மை திசையைச் சொல்லும். அளவைச் சொல்லாது. அளவு பரிசோதனைத் தாங்கியில்தான் கிடைக்கும். அந்தப் பரிசோதனையும் உண்மையான சூழலில் நடக்க வேண்டும். தரையில் 720 வினாடி கண்ட காட்சி, காற்றற்ற வெளியில் என்ன நடக்கும் என்பதற்கு முழுச் சாட்சி ஆகவில்லை. அதனால்தான் அடுத்த சுற்றில், உயர்வெளியைப் போன்ற வெற்றிடத்தைத் தரையிலேயே உண்டாக்கி எஞ்சினைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். மகேந்திரகிரியில் அதற்கென்றே ஒரு கூடம் உண்டு.

2013 ஆகஸ்ட் 19 அன்று புறப்பட இருந்த ஜி.எஸ்.எல்.வி.-டி5, இரண்டாம் கட்டத்தில் கசிவு கண்டதால் கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. 2014 ஜனவரி 5 அன்று கிளம்பி ஜிசாட்-14 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அதன்பின் வந்த பெரிய எஞ்சின் சி.இ.-20. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியபோது அதை மேலேற்றிய கடைசி உந்தல் அதனுடையது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அறிவியலில் முதல் உண்மைகள்கூட மாறாதவை அல்ல. எல்லாவற்றையும் நிரூபிக்க முடியாது, நிரூபணம் எங்கோ ஓர் இடத்தில் தொடங்கித்தான் ஆக வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். யூக்ளிட் அப்படித் தொடங்கியவற்றில் ஐந்தாவது, இணைகோடுகளைப் பற்றியது. இரண்டாயிரம் ஆண்டுகள் அதன் மேல் கட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லோபசெவ்ஸ்கியும் போல்யாயும் அதைக் கைவிட்டும் முரணில்லாத வடிவியல் அமைக்கலாம் என்று காட்டினார்கள். அந்த வழியில் பிறந்த ரீமானின் வடிவியல்தான் 1915-ல் ஐன்ஸ்டைனுக்குக் கைகொடுத்தது.

பொதுவாழ்வுக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே பரிசோதனைத் தாங்கி இல்லை. ‘எல்லோரும் சமம்’ என்பதை வெப்பமானி வைத்து அளக்க முடியாது. அது கண்டுபிடித்த உண்மை அல்ல, ஏற்றுக்கொண்ட முடிவு. முடிவு என்பதாலேயே அதில் சலுகை கேட்பவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

தாமிரபரணிக் கரையிலேயே அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. லண்டனில் சாவர்க்கரோடு இருந்தவரும், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும், ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையை எழுதியவருமான வ.வே.சு. ஐயர், 1922-ல் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். தேசிய உணர்வோடு பிள்ளைகளை வளர்ப்பது நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது. சாதி பாராமல் பலரும் நன்கொடை தந்தார்கள். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சோறு போடுகிறார்கள் என்ற செய்தி பிறகு வெளியே வந்தது. காங்கிரஸிலேயே இருந்த வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் எதிர்த்து நின்றார்கள்.

ஐயர் தரப்பை நேர்மையாகவே கேட்க வேண்டும். அவர் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டவர். இரண்டு பையன்களின் பெற்றோருக்குத் தனிச் சாப்பாடு என்று வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். காந்தி சமரசம் சொன்னார். அந்த இருவர் மட்டும் தனியாகச் சாப்பிடட்டும், இனி அந்த நிபந்தனையோடு யாரையும் சேர்க்க வேண்டாம் என்றார். நடைமுறைக்கு ஏற்ற யோசனைதான். எதிர்த்தவர்களோ எண்ணிக்கையைப் பற்றிப் பேசவில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில், விடுதலைக்கு ஆள் தயாரிக்கும் இடத்தில், பிறப்பை வைத்து ஒரு பந்தி பிரிக்கலாமா என்பதே அவர்கள் கேள்வி. இரண்டு பேருக்குப் பிரிக்கலாம் என்றால் கொள்கை ஏற்கெனவே போய்விட்டது. இந்த வாதத்தில் அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. இன்று திரும்பிப் பார்க்கையில் அதைத் தயங்காமல் சொல்லலாம்.

1925-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியில், தேசிய இயக்கத்தில் பங்கேற்கும் எந்த அமைப்பிலும் பிறப்பால் உயர்வு தாழ்வு பார்க்கக் கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அந்த ஆண்டு ஜூனில், பாபநாசம் அருவிப் பக்கம் தண்ணீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போன ஐயர், மகளோடு தானும் மாண்டார். ஒரு கொள்கைத் தகராறின் நடுவே இப்படி ஒரு சாவு. நவம்பரில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாமல் போன காஞ்சிபுரம் மாநாட்டில், ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

கால் நூற்றாண்டு கழித்து நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவை எடுத்துப் பார்த்தால், சேரன்மாதேவி வாதம் அதில் கேட்கிறது. முழுவதுமோ ஒரு பகுதியோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை எதிலும் மதம், சாதி, பிறப்பிடம் முதலியவற்றைக் காரணம் காட்டி ஒருவரை விலக்கக் கூடாது என்கிறது அது. ‘ஒரு பகுதி’ என்ற சொல் முக்கியம். காங்கிரஸ் கொடுத்த 5,000 ரூபாயும் குருகுலத்தின் மொத்தச் செலவல்ல, ஒரு பகுதிதான்.

மகேந்திரகிரியில் பொறியாளர்கள் செய்ததும் சேரன்மாதேவி விவகாரத்தில் எதிர்த்தவர்கள் செய்ததும் ஒரே வேலை என்று சொல்லிவிட முடியாது. பம்பின் இடைவெளி தவறாக இருந்தால் சில நொடிகளில் தெரிந்துவிடும். பந்தி தவறாக இருந்தால் தலைமுறைகள் சாப்பிட்டு எழுந்து போன பிறகும் தெரியாமலே இருக்கலாம், யாரோ ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லும்வரை.

அடுத்த வாரம் வள்ளியூரிலிருந்து கிழக்கே இடையன்குடிக்குப் போகிறோம். 1841-ல் அங்கே வந்து சேர்ந்த ராபர்ட் கால்டுவெல், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பம் என்பதை நிறுவ, கடன் வாங்கக்கூடிய சொற்களை ஒதுக்கிவிட்டு எண்ணுப்பெயர்களையும் ‘நான்’, ‘நீ’ போன்ற சொற்களையும் கையில் எடுத்தது ஏன் என்று பார்ப்போம்.