பக்கத்து நிறம் செய்யும் வேலை

டீ ஆறுவதற்குள் ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போம். சாம்பல் நிற அட்டையில் ஒரே அளவாக இரண்டு துண்டுகள் வெட்டுவோம். ஒன்றை ஆரஞ்சுத் தாளின் நடுவில் வைப்போம், இன்னொன்றை நீலத் தாளின் நடுவில். ஆரஞ்சின் மேல் இருக்கும் துண்டில் லேசாக நீலம் பாய்ந்திருக்கும். நீலத்தின் மேல் இருப்பது சற்றே பழுப்பேறித் தெரியும். இரண்டும் ஒரே அட்டைதான்.

நாம் எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். நிறம் பெயின்ட் ட்யூபுக்குள் இருக்கிறது என்று நினைக்கிறோம். படத்தில் பூ மங்கலாகத் தெரிந்தால், இன்னும் கொஞ்சம் வண்ணத்தை அதன்மேல் அப்புகிறோம். பூ தடிக்கிறதே தவிர, பளிச்சென்று ஆவதில்லை.

இதே சிக்கல் பாரிஸிலும் வந்தது. அங்கே கோப்லான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம் உண்டு. 1824இல் அதன் சாயப் பிரிவுக்குத் தலைவரானவர் மிஷேல் எழேன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை. நீலமும் ஊதாவும் பக்கத்தில் இருந்ததால்தான் கறுப்பு சோர்ந்து தெரிந்தது. இந்த ஆராய்ச்சியை 1839இல் பெரிய நூலாகவே வெளியிட்டார்.

ஏன் இப்படி? ஜிலேபி தின்ற வாயால் டீ குடித்தால் சர்க்கரையே போடாதது போல இருக்கும். டீ மாறவில்லை, நாக்கு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கண்ணும் அப்படித்தான். ஒவ்வொரு நிறமும் தன் எதிர் நிறத்தின் சாயலைப் பக்கத்து நிறத்தின்மேல் ஏற்றிவிடுகிறது. ஓவியர்களின் வண்ணச் சக்கரத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவை எதிர் நிறங்கள்: சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா.

இப்போது ஓவியரின் மேசைக்குப் போவோம். ஒரு பெண் தலையில் கனகாம்பரம். பின்னால் மஞ்சள் சுவர். பூ எடுபடவில்லை. தேர்ந்த கை பூவைத் தொடாது. சுவரை மங்கிய நீலச் சாம்பலாக்கும். அவ்வளவுதான், கனகாம்பரம் தீப்பொறி போல எழுந்து நிற்கும்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. எதிர் நிறம் மட்டும் போதாது. வெளிச்சத்திலும் வித்தியாசம் வேண்டும். சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால், தூரத்திலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கண்டுபிடிக்க எளிய வழி, படத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பார்ப்பது. பூவும் இலையும் ஒரே சாம்பலாக வந்தால் இலையை இருட்டாக்கலாம், அல்லது வெளுக்க வைக்கலாம்.

அடுத்த முறை ஒரு நிறம் எடுபடவில்லை என்றால், அதையே மறுபடி தீட்டாதீர்கள். முதலில் அதன் பக்கத்தில் இருப்பதை மாற்றிப் பாருங்கள்.