உழைப்பவர்களே முதலாளிகள்: மாநகராட்சி எப்படி உதவலாம்?

கூட்டுறவு என்றதும் ரேஷன் கடையும் ஆவின் பாலும் நினைவுக்கு வரும். ஆவினில் உறுப்பினர்கள், சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவர்கள். தொழிலாளர் கூட்டுறவில் உறுப்பினர்கள், அங்கேயே வேலை செய்கிறவர்கள். பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். புதுச்சேரியிலோ கேரளத்திலோ இந்தியன் காபி ஹவுஸுக்குப் போயிருந்தால் அப்படி ஒரு நிறுவனத்தைப் பார்த்துவிட்டீர்கள். காபி வாரியம் தன் கடைகளை மூடியபோது வேலை இழந்தவர்கள் 1957 முதல் சங்கம் அமைத்து நடத்திவரும் கடைகள் அவை.

இதில் மாநகராட்சிக்கு என்ன வேலை? குப்பை அள்ளுவது, பூங்காவைப் பராமரிப்பது, கழிப்பறையைச் சுத்தம் செய்வது என்று ஏராளமான வேலைகளை மாநகராட்சி ஏற்கெனவே வெளியே கொடுத்துச் செய்கிறது. அதில் ஒரு பங்கைத் தொழிலாளர்களின் சங்கத்துக்கே கொடுக்கலாம். மானியம் கொடுத்தால் அது ஒரு வருடத்தில் தீர்ந்துவிடும். நிலையான வேலை இருந்தால் சங்கம் சொந்தக் காலில் நிற்கும்.

எங்காவது நடந்திருக்கிறதா? புனேயில் நடந்திருக்கிறது. அங்கே தெருக்களிலும் தொட்டிகளிலும் காகிதம், பிளாஸ்டிக் பொறுக்கி காயலான் கடையில் விற்றுப் பிழைத்தவர்கள் 1993இல் ஒரு தொழிற்சங்கம் தொடங்கினார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். மாநகராட்சி அவர்களுடைய அடையாள அட்டையை அங்கீகரித்தது. 2008இல், அவர்களே சொந்தமாக நடத்தும் ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவுடன் வீடு வீடாகக் குப்பை சேகரிக்க ஒப்பந்தம் போட்டது.

மாநகராட்சி கொடுத்தது என்ன? வீடுகளில் மாதக் கட்டணம் வாங்கிக்கொள்ளும் உரிமை, தள்ளுவண்டி, கையுறை, குப்பையைப் பிரிக்க இடம், சங்கத்தின் நிர்வாகச் செலவுக்குப் பணம். பிரித்தெடுக்கும் பொருள்களை விற்று வரும் காசு தொழிலாளிக்கே. இன்று ஸ்வச்சில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் உறுப்பினர்கள்.

குடியிருப்பவருக்கு இதனால் என்ன? தெரிந்த முகம் தினமும் வாசலுக்கு வரும். குறை இருந்தால் யாரிடம் சொல்வது என்று தெரியும். பதிலுக்கு நீங்கள் கட்டணம் கொடுக்க வேண்டும். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துத் தர வேண்டும். நாப்கின், உடைந்த கண்ணாடி போன்றவற்றைத் தனியாகச் சுற்றித் தருவது மிக அவசியம். அதையெல்லாம் பிரிப்பவர் கையால்தான் பிரிக்கிறார்.

வரிப்பணம் கூடுதலாகச் செலவாகுமா? புனேயில் சேகரிப்பவரின் வருமானம் பெரும்பாலும் வீட்டுக் கட்டணத்திலிருந்தும் விற்பனையிலிருந்தும் வருகிறது. மறுசுழற்சிக்குப் போகும் ஒவ்வொரு கிலோவும் லாரியில் ஏற்றிக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டாத கிலோ. அந்தச் செலவும் மிச்சம்.

சங்கமும் டெண்டரில் (ஒப்பந்தப்புள்ளியில்) போட்டியிட்டு வேலையை வாங்கினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பெரிய டெபாசிட்டும் கோடிக்கணக்கில் வரவுசெலவும் காட்டச் சொன்னால் புதிய சங்கம் உள்ளேயே நுழைய முடியாது. வேலையை வார்டு வாரியாகப் பிரித்துக் கொடுக்கலாம். டெபாசிட்டைக் குறைக்கலாம். தொழிலாளர்களின் அனுபவத்தைத் தகுதியாக எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பில் தொகையை உரிய நாளில் தர வேண்டும். ஒப்பந்ததாரர் கடன் வாங்கி மூன்று மாதம் சமாளிப்பார். தினக்கூலியில் வாழ்ந்தவர்களின் சங்கத்துக்கு அந்த மூன்று மாதமே முடிவாகிவிடும்.

பணமாக உதவவே கூடாதா? உதவலாம், சரியான இடத்தில். நியூயார்க் நகர மன்றம் 2014இல் தொழிலாளர் கூட்டுறவுகளை வளர்க்க 12 லட்சம் டாலர் ஒதுக்கியது. சங்கங்களுக்குப் பயிற்சியும் சட்ட, தொழில் ஆலோசனையும் தரும் அமைப்புகளுக்கு அது போனது. வேலை தெரிந்தவர்களுக்குக் கணக்கு எழுதுவதும் பதிவு செய்வதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதற்கு ஆள் துணை வேண்டும்.

சங்கங்களுக்கு வேலை தருவதைச் சாக்காக வைத்து ஒப்பந்ததாரர்களே போலிச் சங்கம் தொடங்கமாட்டார்களா? நியாயமான சந்தேகம். நான்கு விஷயங்களைப் பாருங்கள்: வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் உறுப்பினர்களா? நிர்வாகக் குழுவுக்குத் தேர்தல் நடக்கிறதா? சம்பளம் அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகிறதா? தணிக்கை அறிக்கை உறுப்பினர்கள் கைக்கு வருகிறதா? ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் மேலும் விசாரிக்க வேண்டும்.

ஓர் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒப்பந்தத்தை நம்பியிருக்கும் சங்கம் அது முடியும் நாளில் தவிக்கும். 2020இன் முடிவில் ஒப்பந்தக் காலம் தீர்ந்தபோது ஸ்வச் உறுப்பினர்கள் வேலை நீடிக்குமா என்று தெரியாமல் போராட வேண்டியிருந்தது. ஆகவே ஒப்பந்தம் பல ஆண்டுகளுக்கு இருக்க வேண்டும். எப்போது, எந்த அடிப்படையில் புதுப்பிப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்? தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகளுக்கு (தெருக்காரர்கள் குறை சொல்லக் கூடும் கூட்டங்களுக்கு) 2022 முதல் விதிகள் உள்ளன. உங்கள் வார்டுக் குப்பையையும் பூங்காவையும் யார் பார்க்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் எப்போது கிடைக்கிறது என்று அங்கே கேளுங்கள். தொழிலாளியாக இருந்தால் முதலில் உங்களுக்குள் ஒன்றுசேருங்கள். புனேயில் தொழிற்சங்கத்துக்கும் கூட்டுறவு ஒப்பந்தத்துக்கும் நடுவே 15 ஆண்டுகள் ஓடின. அந்தக் காலத்தைக் குறைப்பதுதான் ஒரு மாநகராட்சி செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.